அத்தைக்குக் கல் பார்த்தது

எங்கள் வீட்டில் பெண் பார்த்திருக்கிறார்கள், மாப்பிள்ளை பார்த்திருக்கிறார்கள், படகுக்கு மரம் பார்க்க எளாவூர்வரை நடந்தே போயிருக்கிறார்கள். கல் பார்த்தது ஒரே ஒரு முறைதான். அதுவும் வைரக்கல். எங்கள் குப்பத்தில் அதற்கு முன்போ பின்போ வேறு யாரும் வைரம் வாங்கியதாக நான் கேள்விப்பட்டதில்லை.

பழவேற்காடு அப்போது ஒல்லாந்தர், அதாவது டச்சுக்காரர், கையில் இருந்தது. அவர்களுடைய கோட்டை தெரிகிற மாதிரி, ஏரிக்கரையில் எங்கள் குப்பம். முகத்துவாரத்துக்கு வெளியே கடலில் நிற்கும் கப்பல்களுக்குத் துணிப்பொதிகளைப் படகில் ஏற்றிக்கொண்டு போவது என் நைனாவின் தொழில். சித்தப்பா ஏரியில் வலை போடுவார். அம்மாவும் அத்தையும் கூடையில் மீன் சுமந்து கோட்டைத் தெருக்களில் விற்றுவிட்டு வருவார்கள். நான் ஒரே பிள்ளை. பால்பல் விழுந்து முளைத்துக்கொண்டிருந்த வயது.

அத்தை நைனாவுக்குக் கடைசித் தங்கை. என்னை இடுப்பில் சுமந்தே அவள் இடுப்பு ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது என்று அம்மா கேலி செய்வாள். மீன் விற்கும்போது அத்தையின் குரல் தெருவின் இந்த முனையில் கிளம்பினால் அந்த முனையில் பூனைகள் எழுந்து உட்காரும். ஆனால் தன்னைப் பற்றிய பேச்சு வந்துவிட்டால் அந்தக் குரல் எங்கே போகும் என்றே தெரியாது.

அவளைப் பற்றிய பேச்சு நிறைய இருந்தது. முதலில் நிச்சயம் செய்த மாப்பிள்ளை, கல்யாணத்துக்கு முன்பே முகத்துவாரத்தில் படகு கவிழ்ந்து போய்விட்டார். அடுத்த இடத்தில் தாம்பூலம் மாற்றிய மறுநாளே மாப்பிள்ளையின் தகப்பனாரைப் பாம்பு கடித்தது. அதற்குப் பிறகு அத்தை கிணற்றடிக்குப் போனால் பெண்கள் பேச்சை நிறுத்திவிட்டு விலகி வழிவிட்டார்கள். எங்கள் வீட்டுக்கு அவ்வளவு மரியாதை என்று நான் பெருமைப்பட்டுக்கொண்டேன்.

ஜோசியம் பார்க்கும் வள்ளுவர் ஒருவர் வந்து, அத்தைக்குச் சுக்கிரன் பலமில்லாமல் இருக்கிறான், அவனுக்குரிய வைரத்தை எள்ளளவாவது மூக்கில் போட்டால் தடை விலகும் என்று சொல்லிவிட்டுப் போனார். வைரமா, நமக்கா என்று அம்மா சிரித்தாள். நைனா சிரிக்கவில்லை.

அந்தச் சமயத்தில்தான் மூன்றாவது இடம் வந்தது. ஏரியின் மேற்குக் கரையில், ஆரம்பாக்கத்துப் பக்கத்துக் குப்பம். அத்தை மீன் விற்கும் குரலைக் கேட்டே அந்த மாப்பிள்ளை அவளைக் கட்டிக்கொள்ள ஆசைப்பட்டாராம். ஆசைப்பட்டது மகன், பார்க்க வந்தது தாயார். நல்ல உயரம். வெற்றிலைச் சாறு ஓரத்தில் நிற்கும் வாய். கணவர் இல்லாமல் கருவாடு விற்றே மகனை ஆளாக்கியவர் என்றார்கள். அந்த அம்மாளைப் பார்த்ததும் நான் அம்மாவின் முதுகுக்குப் பின்னால் போய்விட்டேன். அவர் எல்லாக் கதையையும் கேட்டார். படகு கவிழ்ந்தது, பாம்பு கடித்தது, வள்ளுவர் சொன்னது, எல்லாம். கேட்டுவிட்டு நைனாவிடம் சொன்னார்.

"கல்லு வாங்கறதா இருந்தா ராசி பாத்து வாங்குங்க. ஒரு வெள்ளிக்கிழமை போட்டு மறு வெள்ளி வரைக்கும் பாருங்க. அன்னிக்கு நானே வந்து கேட்டுக்கறேன்."

வைரத்துக்கு ராசி பார்ப்பது எல்லாரும் செய்வதுதான். கல்லைச் சில நாள் வீட்டில் வைத்திருப்பார்கள். அந்த நாட்களில் கெட்டது ஏதும் நடந்தால் கல் ஆகாது என்று திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். இதை எனக்கு விளக்கியது கிணற்றடிப் பெண்கள். அதோடு ஒருத்தி, "கல்லுக்கு இன்னா ராசி பாக்கறது? பொண்ணுக்குல்ல பாக்கறாங்க" என்றாள். நான் அதை அப்படியே கொண்டுவந்து அம்மாவிடம் ஒப்பித்தேன். அம்மா உலையில் போட இருந்த அரிசியைக் கையிலேயே வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு, "கல்லுக்குத்தான். இதப் போய் உங்க அத்தைகிட்ட சொல்லாத" என்றாள். நான் சொல்லவில்லை. ஆனால் அன்று அத்தையும் என்னோடு கிணற்றடியில் குடத்துடன் நின்றாள் என்பதை அம்மாவிடம் சொல்ல எனக்குத் தோன்றவில்லை.

வெள்ளிக்கிழமை காலையில் நைனா, அத்தை, நான் மூன்று பேரும் கல் வியாபாரச் செட்டியார் வீட்டுக்குப் போனோம். நான் வராவிட்டால் தானும் வரவில்லை என்று அத்தை சொல்லிவிட்டதால் எனக்குப் புதுப் பாவாடை கிடைத்தது. செட்டியாரின் பொதிகளை நைனா பல வருடமாகக் கப்பலுக்கு ஏற்றிக்கொண்டிருந்தார். அந்தப் பழக்கத்தில்தான் அவர் எங்களை உள்ளே விட்டார் என்று நினைக்கிறேன்.

உள்ளே எங்களுக்கு முன்பே ஓர் ஒல்லாந்துக்காரர் உட்கார்ந்திருந்தார். கோட்டையில் எழுத்து வேலை பார்ப்பவராம். சிவந்த முகம், அகலமான தொப்பி. அவருக்கு முன்னால் வெள்ளைத் துணியில் கற்கள் பரப்பியிருந்தன. நான் வைரம் என்றால் நெல்லிக்காய் அளவில் இருக்கும் என்று எண்ணியிருந்தேன். அவை கேழ்வரகு அளவிலும் கொத்தமல்லி விதை அளவிலும் இருந்தன. எனக்குப் பெரிய ஏமாற்றம்.

செட்டியார் இருப்பதிலேயே பெரிய கல்லை எடுத்து முற்றத்து வெயிலில் காட்டினார். அது பளீரென்று அடித்த அடியில் நான் கண்ணை மூடிக்கொண்டேன். ஒல்லாந்துக்காரர் கல்லை வாங்கிக்கொண்டு நேராக நிழலுக்குப் போனார். முதுகை வெயில் பக்கம் திருப்பிக்கொண்டார். தொப்பியைக் கழற்றிக் கல்லுக்கு மேல் குடை மாதிரி பிடித்தார். கல்லை இப்படியும் அப்படியும் மெல்ல ஆட்டினார், குழந்தையைத் தூங்கவைப்பதுபோல. பிறகு அதைத் தன் விரல்மேல் கவிழ்த்து வைத்து உற்றுப் பார்த்தார். ஏதோ ஒரு வார்த்தை சொன்னார். கல்லைத் துணியில் வைத்துவிட்டு, வேறொரு சின்னக் கல்லை வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

அவர் தலை மறைந்ததும் நைனா அதே பெரிய கல்லை எடுத்தார். முற்றத்து வெயிலுக்குப் போய்த் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவர் முகமெல்லாம் புள்ளி புள்ளியாக வெளிச்சம் விழுந்தது.

"பெரிசா கீது. இதையே எடுத்துக்கலாம்" என்றார்.

அத்தை என்னைத் தன் பக்கம் இழுத்துக் காதில் ஏதோ சொன்னாள். எனக்குக் காதில் சொன்னதைக் காதிலேயே வைத்துக்கொள்ளத் தெரியாது.

"அத்தைக்கு அது வேணாமாம். அந்த வெள்ளக்காரரு இன்னா சொன்னாருனு கேக்கச் சொல்றா" என்று உரக்கச் சொன்னேன்.

அத்தை தலையைக் குனிந்துகொண்டாள். செட்டியார் கோபிப்பார் என்று பார்த்தால், அவர் முகம் மலர்ந்துபோனது. கல்லை விலை கேட்பவர்களையே பார்த்துச் சலித்தவரோ என்னவோ, அத்தைக்கு எதிரே வந்து உட்கார்ந்துகொண்டார்.

"செத்த கல்லுன்னாரும்மா. பொய்யில்ல. வெயில்ல காட்டினா உடைஞ்ச கண்ணாடிகூட மின்னும். அதனால கல்ல நிழல்ல பாக்கணும். உள்ள போன வெளிச்சம் பட்டைக்குப் பட்டை மோதித் திரும்பி உங்க கண்ணுக்கே வரணும். பட்டை சரியா தீட்டலன்னா அது அடியில ஒழுகிப்போயிடும், ஓட்டக் குடத்துல தண்ணி ஒழுகற மாதிரி. இந்தப் பெரிசு, எடை குறையக் கூடாதுன்னு தீட்டினவன் தட்டையாவே விட்டுட்டான். விரல்ல வெச்சுப் பாருங்க."

"அப்ப இன்னாத்துக்கு எங்களுக்கு இதக் காட்டினீங்க?" என்றார் நைனா.

"பெரிசா கேட்டா பெரிசாக் காட்டறேன். எல்லாருக்கும் ஊர் பாக்கற அளவுதான் வேணும்" என்றார் செட்டியார், கொஞ்சமும் கூச்சப்படாமல்.

அத்தை அந்தக் கல்லை விரலில் வைத்தாள். நானும் எட்டிப் பார்த்தேன். அடியில் அவள் விரல் ரேகை அப்படியே தெரிந்தது. இறால் உரித்து உரித்துக் கறுத்த விரல். பிறகு கேழ்வரகு அளவில் கிடந்த ஒன்றை எடுத்து வைத்தாள். விரல் தெரியவில்லை. அத்தை நிழலில் உட்கார்ந்தபடியே கையை மெல்ல ஆட்டினாள். அந்தத் துளிக்குள் நீலம் ஒரு பக்கம் ஓடியது, சிவப்பு ஒரு பக்கம் எட்டிப் பார்த்துவிட்டு ஒளிந்துகொண்டது. அத்தை ஊதிப் பார்த்தாள். மூச்சின் ஆவி படிந்த சுவடே தெரியாமல் மறைந்தது. அவள் மீண்டும் ஆட்டினாள். வெகுநேரம் ஆட்டிக்கொண்டே இருந்தாள். அவளாக ஒன்றைத் தனக்கென்று அப்படிப் பார்த்து அதற்கு முன் நான் கண்டதில்லை.

"இதுண்ணா" என்றாள் நைனாவிடம். அவ்வளவுதான்.

காக்கைக் கால் போலக் கீறல் இருந்தால் குடும்பத்துக்கு ஆகாது என்று நைனா பயந்ததால், செட்டியார் பூதக்கண்ணாடி கொண்டுவந்து அவருக்குக் காட்டினார். நைனா அதில் தன் கட்டைவிரல் நகத்தைப் பார்த்து வியந்ததுதான் அதிகம். கல்லில் கீறல் இல்லை. ராசி பார்க்கப் போகிற கல் என்பதால் செட்டியார் அதைத் தங்க மூக்குத்திக் குழியில் தேன்மெழுகு வைத்து ஒட்டிக் கொடுத்தார். வீட்டில் ஒரு சின்னக் கெட்டது நடந்தாலும் தயங்காமல் திருப்பிக் கொண்டுவரலாம், ஒத்துப்போனால் கெட்டியாகப் பதித்துத் தருகிறேன் என்றார்.

அத்தை மூக்குத்தியோடு குப்பத்துக்குள் நுழைந்தபோது பார்க்க வந்தவர்கள், "இம்மாத்துண்டா?" என்றார்கள். ராசி பார்க்கும் வாரம் ஆரம்பித்தது.

கெட்டது நடந்தது எனக்குத்தான் என்று நான் நினைத்தேன். மறுநாளே ஏரியோரத்தில் நண்டு துரத்தும்போது மட்டிச் சிப்பி உள்ளங்காலை நன்றாகக் கிழித்துவிட்டது. தண்ணீர் சிவந்ததைப் பார்த்ததும் எனக்கு வலியைவிடப் பயம்தான் முதலில் வந்தது. இது தெரிந்தால் கல் போய்விடும். கல் போனால் அந்த உயரமான அம்மாள் போய்விடுவார். கிணற்றடியில் என்ன பேசுவார்கள் என்பதும் எனக்குத் தெரியும். எருக்கிலையை வைத்துக் கந்தலால் கட்டிக்கொண்டேன். ஆனால் நடந்தால் நொண்டுகிறது. அதற்கும் வழி கண்டுபிடித்தேன். அந்த வாரம் முழுவதும் நான் நொண்டி விளையாடினேன். சாப்பிட நொண்டிக்கொண்டே வந்தேன், தண்ணீர் குடிக்க நொண்டிக்கொண்டே போனேன். "இன்னா விளையாட்டுடி இது, ஓயவே மாட்டியா?" என்று அம்மா ஒரு தடவை கேட்டாள். அதற்குமேல் கேட்கவில்லை.

கேட்க அவளுக்கு நேரமும் இல்லை. அம்மா கொல்லையில் பூசணி விதை போட்டுக்கொண்டிருந்தாள். குழி பெரிதாக இருந்தது. பூசணிக்கு இவ்வளவு பெரிய குழியா என்றதற்கு, "பெரிய பூசணி" என்றாள். அன்றிலிருந்து தினமும் நொண்டிக்கொண்டே போய் அந்தக் குழிக்குத் தண்ணீர் ஊற்றினேன். ஒன்றும் முளைக்கவில்லை.

சித்தப்பா வலையைச் சிநேகிதன் ஒருவனுக்கு இரவல் கொடுத்துவிட்டதாகச் சொல்லிவிட்டு, விடிந்ததும் வெறுங்கையோடு வடக்குத் திட்டுப் பக்கம் போய் இருட்டும் நேரத்தில் திரும்பிவந்தார். நைனா சோற்றை இடது கையால் பிசைந்தார். நான் சிரித்தேன். "ஒல்லாந்துக்காரங்க இப்டித்தான் துன்றாங்களாம்" என்றார். நானும் ஒரு வேளை அப்படித் தின்று பார்த்தேன்.

மொத்தத்தில் அது ஒரு குதூகலமான வாரமாக எனக்குப் பட்டது. எல்லாரும் வழக்கத்தைவிட அதிகமாகச் சிரித்தார்கள். யாரும் யாரையும் திட்டவில்லை. அத்தை மட்டும் எங்கள் ஒவ்வொருவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள், நிழலில் கல்லை ஆட்டிப் பார்த்த அதே பார்வையோடு.

புதன்கிழமையாக இருக்கலாம். நல்ல வெயில். கரை மணலில் பாய் விரித்து இறால் காயப்போட்டிருந்தோம். அத்தை கிளறிக்கொண்டிருந்தாள், நான் காக்கை விரட்டினேன். திரும்பிப் பார்த்தபோது அவள் மூக்கில் தங்கம் மட்டும் இருந்தது. நடுவில் ஓட்டை.

"அத்த, கல்லு?"

அவள் கை மூக்குக்குப் போனது. முகம் வெளுத்தது. வெயிலில் மெழுகு இளகிவிட்டது.

"அசையாத. எங்க கீறியோ அங்கயே நில்லு."

நான் ஒற்றைக் காலில் நின்றேன். அத்தை மண்டிபோட்டாள். அந்தக் கரை மணலை அப்படிப் பார்த்தது எனக்கு அதுவே முதல் தடவை. எங்கே பார்த்தாலும் மின்னியது. மீன் செதிள் மின்னியது, உடைந்த சிப்பி மின்னியது, உப்புப் பரல் மின்னியது, ஈர இறாலின் கண் ஒவ்வொன்றும் மின்னியது. "இதோ" என்பேன், செதிள். "இதோ" என்பாள், சிப்பி. ஒரு கரை முழுக்க வைரம், எங்கள் வைரத்தைத் தவிர. அத்தையின் தாடையிலிருந்து வியர்வை சொட்டி மணலில் விழுந்தது, அதுவும் மின்னியது. கொஞ்ச நேரத்தில் அவள் தேடுவதை விட்டுவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். எனக்கு அழுகை வந்தது.

பிறகு திடீரென்று எழுந்தாள். முந்தானையை இழுத்து விரித்து ஒரு முனையை என் கையில் கொடுத்தாள். "ஒசத்திப் புடி. வெயில் உழக் கூடாது." மறு முனையைத் தான் பிடித்துக்கொண்டு குனிந்தாள். புடவையின் நிழல் மணலில் விழுந்ததும் அந்த இடத்துச் செதிளெல்லாம் ஒரே மூச்சில் செத்துப்போயின. சிப்பி வெறும் சிப்பியானது. அத்தை தலையை மெல்ல இப்படியும் அப்படியும் ஆட்டிப் பார்த்தாள். ஒன்றுமில்லை. நிழலை ஒரு முழம் நகர்த்தினோம். அங்கும் இல்லை. அப்படியே நகர்ந்து நகர்ந்து பாயின் ஓரம்வரை வந்தோம். அங்கே, கூடைக்கு அடியில், கறுத்த மணலில் ஒன்று மட்டும் சாகவில்லை. அத்தை தலையை ஆட்ட ஆட்ட அது நீலமாகவும் சிவப்பாகவும் பதில் சொல்லிக்கொண்டிருந்தது.

அவள் அதை எடுத்து மண்ணோடு வாயில் போட்டுக்கொண்டாள். சப்பிச் சுத்தம் செய்து உள்ளங்கையில் துப்பினாள். பிறகு சிரித்தாள். கண்ணில் தண்ணீர் ஓட ஓடச் சிரித்தாள்.

"நல்ல கல்லுடி" என்றாள்.

"வூட்ல சொல்லப் போறியா?" என்று கேட்டேன்.

"நீ உன் காலப் பத்திச் சொல்லு. நான் கல்லப் பத்திச் சொல்றேன்."

நான் காலைப் பாவாடைக்குள் இழுத்துக்கொண்டேன். அத்தை என்னை உட்காரவைத்துக் கந்தலை அவிழ்த்தாள். அதற்குள் இலை காயத்தோடு ஒட்டிக்கொண்டிருந்தது. ஏரித் தண்ணீரை ஊற்றி ஊற்றி எடுத்தாள். திட்டுவாள் என்று பார்த்தேன். என் பாதத்தைத் தன் மடியில் வைத்துக்கொண்டு முந்தானையால் ஈரத்தை ஒற்றி எடுத்தாள். அன்று சாயங்காலம் யாரும் பார்க்காதபோது மஞ்சளும் எண்ணெயும் காய்ச்சி வைத்துக் கட்டினாள். மெழுகை விளக்கில் காட்டிக் கல்லையும் ஒட்டிக்கொண்டாள். ஆக, நாங்கள் இருவர் மட்டும்தான் ரகசியக்காரர்கள் என்று நான் நம்பினேன்.

மறு வெள்ளிக்கிழமை, சொன்னபடி அந்த அம்மாள் படகில் வந்து இறங்கினார். கூட மகன் வரவில்லை. அவருடைய தம்பி மட்டும் வந்து வாசலிலேயே நின்றார். அம்மா பாய் விரித்தாள். அந்த அம்மாள் உட்கார்ந்ததும் நீதிபதி முன்னால் நிற்பது மாதிரி நாங்கள் வரிசையாக நின்றுவிட்டோம். அத்தை அடுப்படிச் சுவரோரமாக நின்றாள்.

"போட்டுப் பாத்தீங்களா? வாரத்துல எதுனா நடந்துச்சா?"

"ஒண்ணும் இல்லைங்க" என்றார் நைனா.

"நல்லதுதான் நடந்துச்சு" என்றாள் அம்மா.

சித்தப்பா, "எப்பவும் போலத்தான்" என்று சொல்லிவிட்டுக் கூரையைப் பார்த்தார்.

அந்த அம்மாளின் கண் என்னிடம் வந்தது. நான் ஒற்றைக் காலில் நின்றுகொண்டிருந்தேன். "எனக்கும் ஒண்ணும் இல்ல. நொண்டி வெளையாடறேன்" என்றேன்.

அவர் வெற்றிலையை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்கு மாற்றினார். அப்போது சுவரோரத்திலிருந்து அந்தக் குரல் வந்தது. தெருவில் மீன் விற்கிற குரல். வீட்டுக்குள் அதை நாங்கள் கேட்டதே இல்லை.

"எல்லாரும் பொய் சொல்றாங்க."

நைனா சட்டென்று திரும்பினார். "இன்னாம்மா..."

"இருண்ணா. நான் சொல்லிக்கறேன்." அத்தை முன்னால் வந்து நின்றாள். "இந்தப் புள்ள கால மட்டி கிழிச்சிடுச்சு. வெளிய தெரியக் கூடாதுனு வாரம் பூரா ஒத்தக் கால்ல குதிச்சிக்கினு கீது. அண்ணிக்குத் தண்ணிக் கொடம் கை தவறி ஒடஞ்சிடுச்சு, ஒடஞ்ச சில்லையெல்லாம் கொல்லையில பொதச்சிட்டாங்க. சின்னண்ணன் வலை முள்ளுல மாட்டி நாரா கிழிஞ்சிபோச்சு, வடக்குத் திட்டுல ஒளிச்சி வெச்சிக் குந்திக்கினு தெச்சிக்கினு கீறாரு. பெரியண்ணன் தோள்பட்ட முகத்துவாரத்துல படகு மோதினதுல எறங்கிப்போச்சு. வலது கையத் தூக்க முடியல. இந்தக் கல்லும் ஒரு நாள் மண்ணுல உழுந்துச்சு. ஒருத்தரும் ஒருத்தர்கிட்டயும் சொல்லல. எனக்காவ மறச்சிட்டாங்க. எல்லாத்தையும் பாத்துக்கினு நான் வாய மூடிக்கினு இருந்தேன். ஆனா பொய்யச் சொல்லிக்கினு உங்க வூட்டுக்கு வர எனக்கு மனசில்ல."

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். நைனா தன் தோளையே முதன்முதலாகப் பார்ப்பவர்போல் பார்த்தார். சித்தப்பா அம்மாவைப் பார்த்தார், அம்மா நைனாவைப் பார்த்தாள். எனக்குக் கொல்லைக் குழிதான் நினைவுக்கு வந்தது. "அப்ப பூசணி இல்லியா?" என்று கேட்டேன்.

அப்புறம்தான் எனக்குக் கோபம் வந்தது. என் காலை நான் எவ்வளவு பத்திரமாக மறைத்தேன்! எல்லாவற்றையும் அத்தை ஒரே வாயில் கொட்டிவிட்டாள். கல்யாணம் போச்சு, கல்லும் போச்சு. அவளை அடிக்க வேண்டும் போலிருந்தது.

மாப்பிள்ளையின் தாயார் காதோரம் கையைக் குவித்துக்கொண்டு சற்று முன்னால் சாய்ந்தார்.

"செரியா கேக்கலம்மா. மொதல்லேந்து இன்னொரு தபா சொல்லு."

அத்தை மறுபடியும் சொன்னாள். இந்தத் தடவை குரல் தாழ்ந்துவிட்டது. என் காலில் ஆரம்பித்து, குடத்துக்கு வந்து, வலையைத் தாண்டி, நைனாவின் தோளுக்கு வந்தபோது மேலே போக முடியாமல் நின்றுவிட்டாள். அந்த அம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சுண்ணாம்புக் கை பட்டிருக்க வேண்டும் என்று நினைத்தேன். பிறகு எழுந்து அத்தையிடம் போய், அவள் முகத்தை மோவாயைப் பிடித்துத் தூக்கினார். மூக்கிலிருந்த கல்லை அவர் பார்த்ததாகவே தெரியவில்லை.

"தாம்பாளம் கொண்டாம்மா" என்றார் அம்மாவிடம். நைனாவிடம் திரும்பி, "இத இன்னும் மெழுகிலயே வெச்சிக்கினு இருக்காதீங்க. கெட்டியாப் பதிக்கச் சொல்லுங்க. எங்கூர்ல காத்து ஜாஸ்தி" என்றார்.

அம்மா தாம்பாளம் எடுக்க ஓடினாள். நைனா வெற்றிலையை இடது கையால் எடுக்கப் போய், கூடாதென்று வலது கையைத் தூக்கி, வலியில் முகம் சுளித்து, சிரித்தார். சித்தப்பா அவருடைய கையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டார். இருவருமாகச் சேர்ந்து தாம்பூலம் மாற்றினார்கள். வாசலில் நின்ற தம்பிக்காரர் உள்ளே கூப்பிடப்பட்டார்.

நான் மட்டும் ஒற்றைக் காலில் நின்றபடி யோசித்துக்கொண்டிருந்தேன். கால் கிழிந்தது, குடம் உடைந்தது, வலை போனது, தோள் இறங்கியது. ஒன்று நடந்தாலே கல் ஆகாது என்றார்கள். இத்தனை நடந்தும் அந்த அம்மாள் எப்படிச் சரி என்றார்? நன்றாக யோசித்ததில் எனக்கு விடை கிடைத்தது. பாவம், அவருக்குக் காது கேட்காது. அத்தை இரண்டு தடவை சொல்லியும் அவருக்கு ஒன்றுமே விளங்கவில்லை. நாங்கள் பிழைத்தோம்.

இந்த ரகசியத்தை நான் யாரிடமும் சொல்லவில்லை. அத்தை அக்கரைக்குப் போன பிறகு நான் அந்த வீட்டுக்குப் போகும்போதெல்லாம் அந்த அம்மாளின் காதுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்து, தொண்டை கிழியக் கத்தித்தான் பேசுவேன். அவரும் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு, என்னை மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டு, அதே அளவுக்குக் கத்தித்தான் எனக்குப் பதில் சொல்வார். தனக்குக் காது நன்றாகவே கேட்கும் என்று ஒரு நாளும் அவர் என்னிடம் சொன்னதில்லை.